ரிட்டயர் ஆன மறுநாள் காலை எங்கே போவது? தர்மபுரிப் பக்கத்து ஆட்களுக்கு ஒரு வழிகாட்டி

பென்னாகரம் பக்கத்துக் கிராமங்களில் கிராம சுகாதார செவிலியராக இருந்து 2022-ல் ஓய்வு பெற்றேன். கடைசி நாள் மாலை போட்டு, சால்வை போர்த்தி, ஒரு குத்துவிளக்கையும் கையில் கொடுத்து ஜீப்பில் வீட்டு வாசலில் இறக்கிவிட்டார்கள். மறுநாள் ஐந்து மணிக்கே விழிப்பு வந்துவிட்டது. சமைத்தேன், குளித்தேன், புடவை மாற்றினேன். ஏழரை மணிக்குத் தடுப்பூசிப் பெட்டியைத் தேடும்போதுதான் போவதற்கு இடமில்லை என்பது உறைத்தது.

கணவர் தவறிப் பல வருடம் ஆகிறது. மகன் பெங்களூரில், மகள் ஓசூரில். அடுத்த ஒன்பது மாதத்தில் பால்காரரைத் தவிர யாரிடமும் பேசாமல் இருட்டிய நாட்கள் உண்டு. ஊருக்கே வைத்தியம் சொன்னவளுக்குத் தன் விஷயத்தில் ஒன்றும் தோன்றவில்லை. தட்டுத்தடுமாறி மேலேறி வந்த வழியை இங்கே வரிசையாக எழுதுகிறேன். அதே ஒன்பது மாதம் உங்களுக்கு வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு அளவுகோல். ஓர் இடத்துக்கு நீங்கள் இரண்டு நாள் போகவில்லை என்றால், "ஏன், ரெண்டு நாளா காணோம்?" என்று கேட்க அங்கே ஒரு ஆள் இருக்க வேண்டும். அப்படி மூன்று இடங்கள் வேண்டும். சினிமா, டிவி, போன், கூட்டமான கல்யாண மண்டபம் எதுவும் இந்தக் கணக்கில் சேராது. கீழே சொல்லும் எல்லாமே அந்த மூன்று இடங்களைப் பிடிப்பதற்குத்தான்.

1. முதலில் காகித வேலையை முடியுங்கள்

தனிமைக்கும் காகிதத்துக்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றும். ஓய்வூதியம் ஒரு மாதம் நின்று பார்த்தால் தெரியும், மனசு வேறு எதிலும் ஒட்டாது. வீட்டை விட்டு வெளியே போனாலே கருவூலத்துக்கும் வங்கிக்கும்தான் என்று ஆகிவிடும்.

ஒரு நல்ல ஃபைல் வாங்குங்கள். ஓய்வூதிய ஆணைப் புத்தகம், ஆதார், பான், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், மருத்துவக் காப்பீட்டு அட்டை, குடும்ப அட்டை ஆகியவற்றில் தலா ஐந்து நகல். பாஸ்போர்ட் அளவுப் படம் பத்து. ஓய்வூதிய ஆணை எண்ணைத் தனியாக ஒரு சீட்டில் எழுதி பர்ஸில் வையுங்கள். எங்கே போனாலும் முதலில் கேட்பது அதைத்தான். அந்த நேரம் பார்த்து அது வீட்டு பீரோவில் இருக்கும்.

மாநில அரசு ஓய்வூதியர் என்றால் வருடம் ஒருமுறை நேர்காணல் உண்டு, அதாவது உயிரோடு இருக்கிறோம் என்று காட்டும் உயிர்வாழ் சான்று. முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை எல்லோருக்கும் ஒரே நேரத்தில் நடந்தது. இப்போது நீங்கள் ஓய்வு பெற்ற மாதமே உங்கள் நேர்காணல் மாதம். பழைய நினைப்பில் ஏப்ரலில் போய் வரிசையில் நின்று திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். மத்திய அரசு ஓய்வூதியர்களுக்கு நவம்பர். 80 வயது தாண்டியவர்கள் அக்டோபர் 1-லிருந்தே கொடுக்கலாம். பி.எஃப். ஓய்வூதியம் வாங்குபவர்கள் வருடத்தில் எப்போது வேண்டுமானாலும் உயிர்வாழ் சான்று கொடுக்கலாம். கொடுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குச் செல்லும்.

கருவூலத்துக்கு நேரில் போகலாம், இ-சேவை மையத்தில் முடிக்கலாம். எனக்குப் பிடித்தது தபால்காரர் வழி. இந்தியா போஸ்ட் பேமென்ட்ஸ் வங்கியின் விரல் ரேகைக் கருவியோடு வீட்டுக்கே வந்து சான்று எடுப்பார். கட்டணம் 70 ரூபாய். ஆதார், ஓய்வூதிய ஆணை எண், வங்கிக் கணக்கு எண், ஓடிபி வரும் போன் இருந்தால் பத்து நிமிட வேலை.

பத்து நிமிடம் என்று நான் சொன்னாலும் என் விரல் ஒத்துக்கொள்ளவில்லை. முப்பது வருடமாக ஒரு நாளைக்கு இருபது தடவை சோப்புப் போட்டுக் கழுவிய கை, ரேகையே இல்லை. கருவியில் விரலை வைத்தால் சிவப்பு, துடைத்து வைத்தால் சிவப்பு, கட்டை விரல் மாற்றி வைத்தாலும் சிவப்பு. மூன்று நாள் அலைந்தேன். கடைசியில் ஒரு பையன் உயிர்வாழ் சான்றுக்கான ஜீவன் பிரமாண் செயலியையும் முகத்தைப் பதியும் ஆதார் ஃபேஸ் ஆர்டி செயலியையும் என் போனில் ஏற்றி, என்னை ஜன்னல் வெளிச்சத்துக்கு எதிரே உட்காரவைத்து, "கண்ணைச் சிமிட்டுங்கம்மா" என்றான். முடிந்தது. உங்களுக்கும் ரேகை பதியவில்லை என்றால் சண்டை போடாமல் முகப் பதிவு கேளுங்கள். அப்புறம் நிதானமாக ஆதார் மையத்தில் விரல் ரேகையைப் புதுப்பித்துக்கொள்ளுங்கள். 2025 அக்டோபரிலிருந்து கட்டணம் 125 ரூபாய்.

இதில் ஒரு குழி இருக்கிறது. ஓய்வூதியம் அனுமதிக்கும் துறை, வழங்கும் அலுவலகம் என்று செயலியில் பட்டியலிலிருந்து தேர்ந்தெடுக்கச் சொல்லும். தப்பானதைத் தொட்டுவிட்டால் சான்று வேறு எங்கோ போய் உட்கார்ந்துகொள்ளும், உங்களுக்கோ முடிந்துவிட்டதாகவே குறுஞ்செய்தி வரும். ஒரு வாரம் கழித்து ஏற்றுக்கொண்டார்களா என்று பார்த்து உறுதி செய்யுங்கள்.

ஓய்வூதியமே இல்லாதவர்களும் இதைப் படிக்கலாம். 60 வயதாகி ஆதரவும் வருமானமும் இல்லாதவர்களுக்கு முதியோர் உதவித்தொகை மாதம் 1,200 ரூபாய். இ-சேவை மையம் வழியாக விண்ணப்பிக்கலாம். விசாரணை தாலுகா அலுவலகத்திலிருந்து வரும். "வாங்கித் தருகிறேன்" என்று இரண்டாயிரம் கேட்கும் ஆளிடம் கொடுக்காதீர்கள்.

2. காது, கண், முட்டி, அப்புறம் வெளியே சொல்லாத ஒன்று

"அவர் இப்பல்லாம் யாரோடும் சேர்றதில்லை, ஒரு மாதிரி ஆயிட்டார்" என்று வீட்டில் சொல்வார்கள். போய்ப் பார்த்தால் பாதிப் பேருக்குக் காது கேட்காது. நாலு பேர் பேசும் இடத்தில் என்ன சொன்னார்கள் என்று புரியாமல் சும்மா சிரித்துவைத்து, அதுவே வெட்கமாகி, அப்புறம் அந்தப் பக்கமே போவதில்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் காட்டி, கேட்கும் திறன் சோதனை செய்யுங்கள். சில சமயம் காதில் அழுக்கு அடைத்திருக்கும், அன்றைக்கே தீர்ந்துவிடும். குறைபாட்டுச் சான்று கிடைத்தால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் இலவசக் காது கருவிக்கு விண்ணப்பிக்கலாம். கண்புரை என்றால் அரசு மருத்துவமனையில் செலவில்லாமல் அறுவை செய்கிறார்கள்; அதைத் தள்ளிப்போடுவதற்கு எந்த நியாயமும் இல்லை.

களைப்பாகவே இருக்கிறது, எழுந்து போகப் பிடிக்கவில்லை என்றால் அதை வயசு என்று ஒதுக்காதீர்கள். சர்க்கரை, ரத்த அளவு, தைராய்டு மூன்றையும் பார்த்துவிடுங்கள்.

இனி வெளியே சொல்லாத விஷயம். நம் பெண்கள் கோவிலுக்கு வராததற்கும், கல்யாணத்துக்குப் போகாததற்கும், பஸ் ஏறப் பயப்படுவதற்கும் மூட்டுவலி என்று காரணம் சொல்வார்கள். நிஜக் காரணம் சிறுநீர். தும்மினால் கசியும்; பஸ்ஸில் ஒரு மணி நேரம் அடக்க முடியாது; போகிற இடத்தில் கழிப்பறை எப்படி இருக்குமோ தெரியாது. அதனால் காலையிலிருந்து தண்ணீரே குடிக்காமல் கிளம்புவார்கள், தலை சுற்றும், அடுத்த முறை கிளம்பவே மாட்டார்கள். இதற்கு வழி இருக்கிறது. சிறுநீரை அடக்குவது போல அந்தத் தசையை இறுக்கி, ஐந்து எண்ணும்வரை பிடித்து, விடுங்கள். ஒரு வேளைக்குப் பத்து முறை, நாளைக்கு மூன்று வேளை. உட்கார்ந்து கீரை ஆயும்போதே செய்யலாம், பக்கத்தில் இருப்பவருக்குத் தெரியாது. பலன் தெரிய இரண்டு மூன்று மாதம் ஆகும். எரிச்சல், அடிக்கடி காய்ச்சல் இருந்தால் பயிற்சியோடு நிறுத்தாமல் மருத்துவரிடம் போங்கள். ஆண்களுக்கு ப்ராஸ்டேட் தொல்லை இருக்கலாம். அவர்களும் வாயைத் திறப்பதில்லை.

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் பக்கத்துக் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் தொடங்கியது. பிரஷர், சர்க்கரை மாத்திரை வீடு தேடி வருகிறது. படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு அது பெரிய உதவி. நடக்க முடிந்தவர்களுக்கு நான் சொல்வது வேறு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு நீங்களே போய் வாங்குங்கள். அந்த பெஞ்சில் மாதாமாதம் அதே ஆட்கள்தான் உட்கார்ந்திருப்பார்கள்.

3. காலையில் ஒரு நேரம், ஒரு இடம்

வேலை போனால் முதலில் போவது நேரம். "எப்போ வேணா போலாம்" என்று நினைத்தால் எப்போதும் போக மாட்டோம். நான் ஆறு மணி என்று வைத்திருக்கிறேன்.

65 வயதைத் தாண்டியவர்களுக்கும் வாரம் 150 நிமிடம் மிதமான உடற்பயிற்சி வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. வாரம் ஐந்து நாள், நாளைக்கு அரை மணி நேரம் நடந்தால் வந்துவிடும். கூடவே வாரம் மூன்று நாள், கீழே விழாமல் இருக்க உதவும் பயிற்சி. சுவரில் ஒரு விரலை வைத்துக்கொண்டு ஒற்றைக் காலில் பத்து எண்ணுவதிலிருந்து தொடங்கலாம். 2023 நவம்பரில் "நடப்போம் நலம் பெறுவோம்" என்று ஒவ்வொரு மாவட்டத்திலும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்தார்கள். எட்டையும் நடக்க வேண்டியதில்லை. அங்கே விடிகாலையில் ஆள் நடமாட்டம் இருக்கும் என்பதுதான் முக்கியம்.

நான் செய்த தப்பு, முதல் மூன்று மாதம் காதில் பாட்டு மாட்டிக்கொண்டு தனியாக நடந்தது. உடம்புக்கு நல்லதுதான், ஆனால் ஒருத்தர் பெயர்கூடத் தெரியவில்லை. பிறகு வழியை மாற்றி, உழவர் சந்தையில் முடிகிற மாதிரி நடந்தேன். ஒரு வாரக் காய்கறியை மொத்தமாக வாங்காதீர்கள். தினம் இருபது முப்பது ரூபாய்க்கு, ஒரே கடையில் வாங்குங்கள். எனக்குக் கீரை விற்கும் அம்மாள் இரண்டாவது வாரமே, "நர்சம்மாவுக்கு முருங்கை எடுத்து வச்சிருக்கேன்" என்று சொல்லிவிட்டார். அதுதான் என் முதல் இடம்.

ஆண்களுக்கு இந்தப் படி சுலபம். டீக்கடை பெஞ்ச் இருக்கிறது, நாலு ரோட்டில் நின்றாலே பத்துப் பேர் அகப்படுவார்கள். பெண்ணுக்கு அந்த பெஞ்ச் கிடையாது. ஓய்வு பெற்ற பெண்ணை வீடே விழுங்கிவிடும். "இனிமே வீட்லதான இருக்கப் போற" என்று எல்லோரும் ஒரு வேலையைக் கொண்டுவந்து கொடுப்பார்கள். கொஞ்சம் கறாராக இருங்கள்.

பயணச் செலவு: பெண்களுக்குச் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் டிக்கெட்டுக்குக் காசு இல்லை. புறநகர் பஸ்ஸிலும் எக்ஸ்பிரஸிலும் உண்டு. அவசரத்தில் மாறி ஏறிவிட்டு கண்டக்டரிடம் வாதாடாதீர்கள். 60 வயதானால் பஸ் இலவசம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்த டோக்கன் சென்னை மாநகரப் பேருந்துக்கு மட்டும். ரயிலில் மூத்த குடிமக்கள் கட்டணச் சலுகையை 2020 மார்ச்சில் நிறுத்தினார்கள். கீழ்ப் படுக்கை ஒதுக்கீடு மட்டும் இருக்கிறது. ஆண்களுக்கு 60, பெண்களுக்கு 45 வயது.

4. இன்னும் இரண்டு இடங்களைத் தேடுங்கள்

நூலகம் எல்லோரும் சொல்வது, நானும் சொல்கிறேன். மாவட்ட மைய நூலகமோ பக்கத்துக் கிளை நூலகமோ, உறுப்பினர் ஆக ஆதார் நகலும் படமும் கொண்டுபோங்கள். எனக்குக் காப்புத்தொகை, சந்தா எல்லாம் சேர்த்து நூறு ரூபாய்க்குள் முடிந்தது. கிளை நூலகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை. நூலகத்தில் பேசக்கூடாது என்பதால் அங்கே நட்பு வராது என்று நினைத்தேன். வாசல் திண்ணையில் வருகிறது. தர்மபுரிப் புத்தகத் திருவிழா நடக்கும் நாட்களில் அந்தத் திண்ணை ஆட்கள் எல்லோரும் அங்கேதான் இருப்பார்கள்.

கோவிலுக்குச் சும்மா போய்க் கும்பிட்டுத் திரும்பினால் ஆள் பழக்கம் வராது. வேலை எடுத்துக்கொள்ளுங்கள். அதியமான்கோட்டை காலபைரவர் கோவிலில் தேய்பிறை அஷ்டமிக்குக் கூட்டம் அலைமோதும். அப்படிப்பட்ட நாட்களில் வரிசை பார்க்க, தண்ணீர் கொடுக்க, அன்னதானத்தில் இலை போட எங்கேயும் கைக்குக் குறைச்சல்தான். ஒருமுறை இலை போட்டால் அடுத்த மாதம் கூப்பிட்டுவிடுவார்கள். குமாரசாமிப்பேட்டை முருகன் கோவில் தைப்பூசத்தில் பெண்கள் மட்டுமே வடம் பிடித்து இழுக்கும் தேர் உண்டு. முப்பது வருடம் இந்த மாவட்டத்தில் இருந்தும் நான் அதை ஓய்வு பெற்ற பிறகுதான் தொட்டேன். பைப்பாஸில் போகும் லாரி வடம் மாதிரி கனம், கை சிவந்துபோயிற்று. முன்னால் இழுத்த பெண் திரும்பிப் பார்த்து, "தம் கட்டுங்கக்கா" என்றாள். இன்றைக்கும் சந்தையில் பார்த்தால் நின்று பேசுவாள். சாமி நம்பிக்கை இல்லாதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.

என் மூன்றாவது இடம் நான் நினைத்தே பார்க்காதது. பொங்கல் முடிந்தால் எங்கள் தெருவில் புளி வேலை தொடங்கும். மரத்தைக் குத்தகைக்கு எடுத்தவர் வீட்டுத் திண்ணையில் சாக்கை விரித்து ஏழெட்டுப் பெண்கள் உட்காருவார்கள். ஓட்டை உடைத்து, நாரை உருவி, பழத்தைத் தட்டிக் கொட்டை எடுப்பார்கள். நானும் ஒருநாள் முறத்தோடு போய் உட்கார்ந்தேன். "நர்சம்மா, சுத்தி விரல்ல பட்டுடப் போவுது" என்று சிரித்தார்கள். கூலிக்கு வேலை செய்பவர்களின் இடத்தில் நான் கூலி வாங்கக்கூடாது. என் பங்கைப் பக்கத்தில் இருப்பவர் கூடையில் போட்டுவிடுவேன். இதைக் கவனமாகச் செய்யுங்கள், இல்லாவிட்டால் பகை வரும். ஏப்ரல் வரை பிற்பகல் இரண்டு மணியானால் அங்கேதான். ஒருநாள் காய்ச்சல் என்று போகவில்லை. சாயங்காலம் ஒருத்தி மிளகு ரசத்தோடு வந்து, "ஏன் நர்சம்மா, ஆளையே காணோம்?" என்று கேட்டபோதுதான் கணக்கு முடிந்தது என்று தெரிந்தது.

உங்கள் தெருவில் புளி இல்லாமல் பூக்கட்டுதலோ நிலக்கடலை உரிப்பதோ இருக்கலாம். கை வேலையும் வாய்ப் பேச்சும் சேர்ந்த இடமா என்று பாருங்கள். எதிரெதிரே உட்கார்ந்து "அப்புறம்?" என்று கேட்டுக்கொண்டிருந்தால் பத்து நிமிடத்தில் பேச்சு தீர்ந்துவிடும். கை ஓடினால் பேச்சும் ஓடும்.

5. பொறுப்புள்ள வேலை வேண்டும் என்பவர்களுக்கு

சிலருக்கு இதெல்லாம் போதாது, கையெழுத்துப் போடுகிற மாதிரி ஒரு வேலை வேண்டும். மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு அவ்வப்போது சட்டத் தன்னார்வலர்களைத் தேர்ந்தெடுக்கிறது. ஓய்வு பெற்றவர்களும் விண்ணப்பிக்கலாம். நீதிமன்ற வளாகத்தில் அறிவிப்பு ஒட்டியிருக்கும், நாளிதழிலும் வரும். கல்விச் சான்று, ஆதார், படம், விண்ணப்பம், நேர்முகத் தேர்வு, அப்புறம் பயிற்சி. பணி செய்யும் நாளுக்கு மதிப்பூதியம் உண்டு, அதை வருமானமாக எண்ணிப் போகாதீர்கள்.

அரசுப் பள்ளியில் வாசிப்புக்கு உதவ வேண்டும் என்றால் தலைமையாசிரியரிடம் நேரில் போய், "வாரம் இரண்டு நாள், இந்த நேரம், மூன்று மாதம்" என்று திட்டமாகச் சொல்லுங்கள். "எப்போ வேணா வரேன்" என்பவரை யாரும் கூப்பிட மாட்டார்கள். எனக்கு இது தோற்றுப்போன முயற்சி. முதல் நாளே பிள்ளைகளின் நகத்தைப் பார்த்துத் திட்டிவிட்டேன். பழைய உத்தியோகத்தைக் கூடவே தூக்கிக்கொண்டு போகக்கூடாது என்று அன்றைக்குத்தான் புரிந்தது.

கிராமத்தில் இருப்பவர்கள் கலெக்டர் அலுவலகத்து மகளிர் திட்ட அலுவலகத்தில் முதியோர் சுய உதவிக் குழு பற்றிக் கேளுங்கள். முதியோர் என்றால் ஐந்து பேர் இருந்தாலே குழு தொடங்கலாம்.

6. சங்கம்: சேருங்கள், தொடங்க அவசரப்படாதீர்கள்

ஓய்வூதியர் சங்கத்தில் கண்டிப்பாகச் சேருங்கள். அகவிலைப்படி, காப்பீடு, நிலுவை எல்லாம் அங்கே முதலில் தெரியும். டிசம்பர் 17 ஓய்வூதியர் தினத்தன்று பழைய ஆட்களைப் பார்க்கலாம். ஆனால் அது தனிமைக்கு மருந்து என்று நம்பிப் போகாதீர்கள். நான் போன ஒரு கூட்டத்தில் இரண்டரை மணி நேரத்தில் ஒன்றேமுக்கால் மணி நேரம் சால்வை போர்த்தினார்கள். வந்திருந்த ஐந்து பெண்களையும் டீ கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்துவிட்டு வந்தேன், மறுபடி போகவில்லை.

நடைக்கு வரும் பத்துப் பேர் சேர்ந்தால் உடனே ஒருவர், "நாமளே ஒரு சங்கம் பதிவு பண்ணலாமே" என்பார். தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-ன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும், மாவட்டப் பதிவாளர் அலுவலகத்தில் விதிமுறைகளோடு கொடுக்க வேண்டும். பதிவோடு முடியாது, வருடாவருடம் கணக்கும் நிர்வாகிகள் பட்டியலும் தாக்கல் செய்ய வேண்டும். எங்கள் நடைக் குழு தலைவர் யார் என்ற பேச்சில் இரண்டாக உடைந்து, இப்போது ஒரு கோஷ்டி வலமிருந்து இடமாகச் சுற்றுகிறது, இன்னொன்று இடமிருந்து வலமாக. ஒரு வருடம் சும்மா நடங்கள். அப்புறம் பார்க்கலாம்.

7. பிள்ளைகள் வீட்டுக்குப் போவது பற்றி

நம் ஊரில் பாதிப் பேரின் பிள்ளைகள் பெங்களூரிலும் ஓசூரிலும். ஓய்வுப் பணம் வந்ததும், "அங்க தனியா எதுக்கும்மா, இங்க வந்துடு" என்று பாசமாகத்தான் கூப்பிடுவார்கள். நானும் போனேன், ஏழு மாதம். மகனும் மருமகளும் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு எட்டு. பேரனைப் பள்ளி வேனில் ஏற்றி, இறக்கி, இடைப்பட்ட நேரத்தில் ஒன்பதாவது மாடி பால்கனியிலிருந்து கீழே போகும் கார்களை எண்ணினேன். என் அரைகுறைக் கன்னடத்தைக் கேட்டுச் சிரிக்கும் வாட்ச்மேன் மட்டும்தான் பேச்சுத் துணை.

இப்போது என் ஏற்பாடு: ஒரு தடவைக்குப் பதினைந்து நாள், திரும்பும் டிக்கெட் கையில். ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வீடியோ கால். மற்ற நாள் அவர்கள் பேசவில்லை என்றால் கோபம் கிடையாது.

வீட்டை விற்றுவிட்டுப் போகாதீர்கள். குறைந்தது ஒரு வருடம் வாடகைக்கு விட்டுப் பாருங்கள். பிள்ளை பெயருக்கு எழுதிக் கொடுக்கத்தான் போகிறேன் என்றால், "என்னைப் பராமரிக்க வேண்டும்" என்ற நிபந்தனையைப் பத்திரத்திலேயே எழுதச் சொல்லுங்கள். 2007-ம் ஆண்டு பெற்றோர், மூத்த குடிமக்கள் பராமரிப்புச் சட்டத்தின் 23-வது பிரிவில் அந்தப் பத்திரத்தை ரத்து செய்யக் கேட்க அந்த வரி உதவும். மனு கோட்டாட்சியர் அலுவலகத்தில். வக்கீல் தேவையில்லை. பத்திரம் எழுதுபவர், "அதெல்லாம் எதுக்குங்க, சொந்தப் பிள்ளைதானே" என்பார். எழுதச் சொல்லுங்கள்.

8. போன்

இதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறது. அந்த ஒன்பது மாதத்தில் ஒருநாள் ஒரு பெண் கூப்பிட்டாள். "அம்மா, சாப்டீங்களா?" என்று தொடங்கினாள். நாற்பது நிமிடம் பேசினோம், என் முட்டிவலி வரைக்கும் விசாரித்தாள். முடிவில் ஓய்வூதியக் கணக்கு முடங்கப் போகிறது, ஓடிபி சொல்லுங்கள் என்றாள். அது மோசடி என்று எனக்கு முதல் ஐந்து நிமிடத்திலேயே தெரியும். இருந்தும் போனை வைக்கவில்லை, அன்றைக்கு என்னோடு பேசிய முதல் குரல் அது. ஓடிபி சொல்லவில்லை, அந்த மட்டும் தப்பினேன். வைத்த பிறகு அழுதேன்.

கருவூலமோ வங்கியோ போனில் ஓடிபி கேட்காது. பணம் போய்விட்டால் உடனே 1930-க்குக் கூப்பிடுங்கள், ஒவ்வொரு மணி நேரமும் முக்கியம். ஓய்வுப் பணம் வந்த புதிதில் சீட்டு, நிலம், இரட்டிப்பு என்று தெரிந்தவர்களே வருவார்கள். ஜாமீன் கையெழுத்தும் கேட்பார்கள். ஆறு மாதம் யாருக்கும் எதிலும் கையெழுத்து இல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பேசவே ஆள் இல்லை, மனசு தாங்கவில்லை என்றால் இரண்டு எண்கள். முதியோர் உதவி எண் 14567, காலை 8 முதல் இரவு 8 வரை. மனநல ஆலோசனைக்கு 14416, இரவு பகல் எந்த நேரமும். இரண்டுக்கும் கட்டணம் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும் "இனிய காலை வணக்கம்" ரோஜாப் படங்களைப் பேச்சு என்று எண்ணாதீர்கள்.

9. மாதம் என்ன செலவாகும்?

என் கணக்கு: டவுன் பஸ் இலவசம். வெளியே டீ, மாதம் இருபது நாள், 300 ரூபாய். போன் ரீசார்ஜ் 300. கோவில் அன்னதானத்துக்கு 200. ஊர் சுற்ற மாதம் 500 எடுத்து வைக்கிறேன். மொத்தம் 1,300. மூன்று மாதம் சேர்ந்தால் நாலு பேராக ஒகேனக்கலோ தீர்த்தமலையோ, ஞாயிற்றுக்கிழமை என்றால் போச்சம்பள்ளிச் சந்தையோ போய்வருவோம். ஒகேனக்கலுக்கு ஜூலை, ஆகஸ்டில் திட்டமிட்டால் கிளம்பும் முன் நீர்வரத்தைப் பாருங்கள். காவிரியில் வெள்ளம் வந்தால் பரிசலுக்குத் தடை போட்டுவிடுவார்கள், மீன் வறுவல் தின்று திரும்ப வேண்டியதுதான்.

10. பக்கத்து வீட்டில் ஒருவர் முடங்கிக் கிடந்தால்

எங்கள் தெருக் கடைசியில் ஒரு பெரியவர். அரசுத் துறை ஒன்றில் ஜீப் ஓட்டி ஓய்வு பெற்றவர். மனைவி போனபின் கதவைத் திறப்பதே இல்லை. "வாங்கண்ணா, வாக்கிங் போலாம்" என்று மூன்று முறை கூப்பிட்டேன், "பார்க்கலாம்மா" என்றார். முடங்கியவரை உதவி செய்கிற மாதிரிக் கூப்பிட்டால் வர மாட்டார், உதவி கேட்டுப் போக வேண்டும். நான்காவது முறை, "அண்ணா, பாப்பாரப்பட்டி பாரத மாதா நினைவாலயத்துக்கு வேன் வச்சுப் போறோம், திரும்பி வரும்போது எந்த வழி கிட்ட?" என்று கேட்டேன். கேட் வரைக்கும் வந்தார். ஒரு குச்சியை எடுத்து மண்ணில் கோடு போட்டார், எந்தத் திருப்பத்தில் பள்ளம், எந்தக் கடையில் தோசை நன்றாக இருக்கும் என்பது வரை. நாங்கள் சொன்ன வேன் டிரைவருக்கு ஒன்றும் தெரியாது என்று முடிவுசெய்து, முன் சீட்டில் தானே ஏறிக்கொண்டார்.

இந்த மாதம் அவருக்கு நேர்காணல். கட்டை விரல் ரேகை பதியவில்லை. நாளைக்குக் காலை பத்து மணிக்குத் தபால்காரரை மறுபடி வரச் சொல்லியிருக்கிறோம். நான் என் போனில் செயலி இரண்டையும் ஏற்றிவைத்திருக்கிறேன், அவர் 70 ரூபாயைச் சில்லறையாக எடுத்துவைத்திருக்கிறார்.